பூட்டியவன் பொறுப்பு

நாட்டுப்புறத்துத் தோழர்களுக்குப் பவுண்டு தெரியும். கொண்டித்தொழுவம் என்று நம் பாட்டன்மார் சொன்னது அதைத்தான். அடுத்தவன் வயலிலே புகுந்து மேய்ந்த மாட்டைப் பிடித்துக்கொண்டுவந்து அடைத்து வைக்கிற இடம். மாட்டுக்காரன் அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு போகிறவரையில் மாடு அங்கே கிடக்கும். கிடக்கிற நாளெல்லாம் அதற்குத் தீனி போடுவது யார்? தண்ணீர் காட்டுவது யார்? பவுண்டுக்காரன்! அவன் மனமிரங்கிப் போடுவதல்ல, போட்டே தீரவேண்டும். வெள்ளைக்காரன் 1871ஆம் ஆண்டிலே செய்த கால்நடை அத்துமீறல் சட்டத்திலேயே அந்தக் கடமை எழுதப்பட்டிருக்கிறது.

மாடு செய்தது தவறு. பயிரை மேய்ந்தது. மறுக்கவில்லை. ஆனால், அது மேய்ந்ததா இல்லையா என்பது ஒரு வழக்கு. அடைத்து வைத்தவன் அதைச் சாகவிடலாமா என்பது வேறொரு வழக்கு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவன் ஒன்று விவரம் தெரியாதவனாக இருக்கவேண்டும். அல்லது விவகாரம் தெரிந்தவனாக இருக்கவேண்டும்!

மாட்டுக்கு உள்ள இந்த நியாயம் மனிதனுக்கு உண்டா? 2020ஆம் ஆண்டிலே, கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகையே உலுக்கியபோது, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நீதிமன்றங்களிலே எழுந்த கேள்வி, சுற்றி வளைக்காமல் சொன்னால், இதுதான்.

நினைத்துப் பாருங்கள் அந்த நாட்களை! 2020 மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இது உலகம் பரவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. ஆலைச் சங்கு ஊதவில்லை, இரயில் ஓடவில்லை, பள்ளி திறக்கவில்லை. உலகம் முழுவதும் ஒரே கட்டளை: விலகி நில், கையைக் கழுவு, கூட்டம் சேராதே! முதியோர், நீரிழிவுக்காரர், இதயநோயாளி, நுரையீரல் கெட்டவர், சிறுநீரகம் பழுதுபட்டவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து மிகுதி என்று மருத்துவர்கள் மன்றாடினார்கள்.

விலகி நில்! சரி. விலகி நிற்க இடமில்லாதவன் என்ன செய்வான்? பூட்டப்பட்ட கதவுக்குப் பின்னாலே, பொதுக் கூடத்திலே, ஒருவன் மூச்சு மற்றொருவன் முகத்திலே படும்படி படுக்கவைக்கப்பட்டவன் எங்கே விலகுவான்? எப்படி விலகுவான்?

அப்படிப் பூட்டப்பட்டவர்கள் அந்த மார்ச் மாதத்திலே ஏறத்தாழ 38,000 பேர். அமெரிக்காவின் குடியேற்றம் மற்றும் சுங்க அமலாக்கத்துறையின் காவலிலே இருந்தவர்கள். யார் இவர்கள்? அடைக்கலம் தேடி வந்து கதவைத் தட்டியவர்கள் சிலர். விசா காலம் முடிந்தும் தங்கிவிட்டவர்கள் சிலர். முப்பதாண்டு, நாற்பதாண்டு அந்த மண்ணிலேயே வியர்வை சிந்தி, பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்துவிட்டவர்கள் சிலர். முன்பு ஏதோ குற்றத்துக்குத் தண்டனை பெற்று, அந்தத் தண்டனையை முழுவதும் அனுபவித்து முடித்த பிறகு, சிறை வாசலிலேயே மறுபடியும் பிடிக்கப்பட்டவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இவர்களிலே எவரும் அந்தக் காவலிலே தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கவில்லை. நாட்டிலே இருக்கலாமா, போகவேண்டுமா என்ற விசாரணைக்காகவோ, போகவேண்டும் என்று முடிவான பின் அனுப்பப்படுவதற்காகவோ காத்திருந்தவர்கள்.

இதை நாம் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அமெரிக்க உச்சநீதிமன்றமே சொன்னது. நாடு கடத்துவது தண்டனை அல்ல என்று 1893இலே தீர்ப்பளித்தது. அயல்நாட்டானாகவே இருந்தாலும், வழக்கு நடத்திக் குற்றத்தை மெய்ப்பிக்காமல் அவனைக் கடுங்காவலிலே தள்ள முடியாது என்று 1896இலே தீர்ப்பளித்தது. குடியேற்றக் காவல் தண்டிப்பதற்காக அல்ல, அது உரிமையியல் காவல் என்று 2001இலே திரும்பவும் எடுத்துச் சொன்னது.

நல்ல வார்த்தைதான். ஆனால் அந்த நல்ல வார்த்தை நடைமுறையிலே என்ன ஆகிறது, பாருங்கள்! இது தண்டனை அல்லவாம். ஆகவே, ஏழையாக இருந்தாலும் சர்க்கார் செலவிலே வக்கீல் கிடையாதாம். தண்டனை அல்லவாம், ஆனால் கம்பி உண்டு, காவலாள் உண்டு, கைவிலங்கு உண்டு. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கிடைக்கிற வக்கீல், குற்றமே சாட்டப்படாதவனுக்குக் கிடைக்காது! நாமகரணம் சூட்டுவதிலேதான் எத்தனை சாமர்த்தியம்! பூனைக்கு முயல் என்று பெயர் வைத்துவிட்டால் எலி பிடிக்காது என்று நம்பச் சொல்கிறார்கள்.

அடைத்து வைத்த இடங்கள் எப்படிப்பட்டவை? கலிபோர்னியாவிலே பேக்கர்ஸ்பீல்டு நகரத்திலே மேசா வெர்டே என்று ஒரு காவற்கூடம். நான்கே கூடங்கள். கூடத்துக்கு நூறு படுக்கை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில்கள், பொதுக் கழிப்பிடம், பொதுக் குளியலிடம். இதை நடத்துவது சர்க்கார்கூட அல்ல, ஜியோ குரூப் என்ற கம்பெனி. கோர்சிவிக் என்று இன்னொரு கம்பெனி. அந்நாட்டுக் குடியேற்றக் கைதிகளிலே பெரும்பாலோரை வைத்திருந்தவை இத்தகைய தனியார் கம்பெனிகள்தான். மனிதனைப் பூட்டி வைப்பது அங்கே ஒரு தொழில். பங்குச் சந்தையிலே விலை ஏறி இறங்குகிற தொழில். அந்தக் கூடத்தைப் பெருக்குவது, சமையலறையிலே பாத்திரம் தேய்ப்பது, துணி வெளுப்பது எல்லாம் யார்? கைதிகளே. கூலி என்ன? பல இடங்களிலே நாளொன்றுக்கு 1 டாலர்! தோழர்களே, உழைத்துப் பிழைக்கிற உங்களுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டுமா?

கைதிகள் வெளியே போய் நோய் வாங்கி வரவில்லை. அவர்கள் எங்கே போக முடியும்? காவலாள் நாள்தோறும் வீட்டிலிருந்து வருகிறான். வேலை முடிந்து வீடு திரும்புகிறான். அவனும் தொழிலாளிதான், அவனைக் குறைகூறிப் பயனில்லை. நோய் அவனோடு உள்ளே வருகிறது, உள்ளே பெருகுகிறது, மறுபடியும் அவனோடு வெளியே போகிறது. சுவர் மனிதனைத் தடுக்கும். கிருமியைத் தடுக்குமா?

இந்த நிலையிலேதான் நோயுற்ற கைதிகளுக்காக வக்கீல்கள் நீதிமன்றம் ஏறினார்கள். முதல் படியிலேயே சறுக்கல். வாஷிங்டன் மாநிலத்து டகோமா காவற்கூடத்துக் கைதிகள் கேட்ட விடுதலையை, மார்ச் 19ஆம் நாள் நீதிபதி மறுத்துவிட்டார். அந்தக் காவற்கூடத்திலே நோய் வந்ததற்கு அத்தாட்சி இல்லையே என்பது அவர் காட்டிய காரணங்களிலே ஒன்று. அடுத்த தெரு எரிகிறது, காற்று நம் பக்கம் வீசுகிறது, கூரையோ ஓலை. இருந்தாலும் நம் வீடு இன்னும் பற்றவில்லையே, பொறுத்திருப்போம் என்பது போன்ற நியாயம் அது!

ஆனால் ஒரு வாரத்துக்குள்ளே காற்று மாறிற்று. மார்ச் 26ஆம் நாள், நியூயார்க்கிலே நீதிபதி அனலிசா டாரஸ், நியூஜெர்சிச் சிறைகளிலே வைக்கப்பட்டிருந்த நோயாளிகள் பத்துப் பேரை உடனே விடுவிக்க உத்தரவிட்டார். மார்ச் 31ஆம் நாள், பென்சில்வேனியாவிலே நீதிபதி ஜான் ஜோன்ஸ், யார்க், கிளிண்டன், பைக் ஆகிய மூன்று மாவட்டச் சிறைகளிலே இருந்த நோயாளிகளுக்குக் கதவைத் திறக்கச் சொன்னார். ஏப்ரல் 20ஆம் நாள், கலிபோர்னியாவிலே நீதிபதி பெர்னால், நாடு முழுமைக்குமாக ஓர் ஆணை பிறப்பித்தார்: ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர், கர்ப்பிணி, நீண்டநாள் நோயாளி யார் யார் என்று பத்து நாளிலே கணக்கெடு, அவர்களைக் காவலிலே வைக்கத்தான் வேண்டுமா என்று மறுபடி ஆராய்ந்து முடிவு செய்! ஏப்ரல் 30ஆம் நாள், புளோரிடாவிலே நீதிபதி மார்சியா குக், மூன்று காவற்கூடங்களிலே கூட்டத்தைக் கொள்ளளவில் முக்கால் பங்குக்குக் குறைக்க ஆணையிட்டார். மாசசூசெட்சிலே நீதிபதி வில்லியம் யங், பிரிஸ்டல் மாவட்டச் சிறைக் கைதிகளின் ஜாமீன் மனுக்களை ஆள் ஆளாக எடுத்து ஆராய்ந்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார்.

இவர்கள் எல்லாம் ஆளுங்கட்சிக்கு வேண்டாதவர்கள், அதனால்தான் இப்படித் தீர்ப்பளித்தார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்புக்குப் பதில் ஏட்டிலேயே இருக்கிறது. அப்போது ஆட்சியிலிருந்த டிரம்ப் குடியரசுக் கட்சிக்காரர். ஜோன்சையும் குக்கையும் நீதிபதியாக்கியவர் ஜார்ஜ் புஷ், குடியரசுக் கட்சி. யங்கை நீதிபதியாக்கியவர் ரீகன், அவரும் குடியரசுக் கட்சி! கட்சி பேசவில்லை ஐயா, கடமை பேசிற்று.

எந்தச் சட்டத்தைக் கொண்டு திறந்தார்கள்? புதிதாக ஒன்றும் வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒருவனைச் சர்க்கார் பிடித்து, அவன் தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாத நிலையிலே வைத்துவிட்டால், அவன் உணவுக்கும் உடல்நலத்துக்கும் சர்க்காரே பொறுப்பு என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1989இலேயே சொல்லியிருக்கிறது. 1993இலே இன்னொரு வழக்கு: பக்கத்துக் கைதி ஓயாமல் சிகரெட் பிடிக்கிறான், அந்தப் புகை நாளை என்னைக் கொல்லும் என்றான் ஒரு கைதி. நாளை வரப்போகிற கேட்டுக்கும் இன்றே முறையிடலாம், படுத்த பிறகுதான் முறையிட வேண்டும் என்பதில்லை என்றது நீதிமன்றம். சிகரெட்டுப் புகைக்கே அந்த நீதி! குற்றவாளி என்று தீர்ப்பான கைதிக்கே அந்த நீதி! கொள்ளைநோய்க்கு, அதுவும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவனுக்கு, அதைவிடக் குறைந்த நீதியா?

பவுண்டுக்காரனுக்குச் சொன்ன சட்டந்தான் இது. பூட்டியவன் பொறுப்பு! காப்பாற்ற முடியுமானால் பூட்டு, முடியாதென்றால் திற. மூன்றாவது வழி இல்லை.

மூன்றாவது வழியிலே போனால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவின் தென்கோடி, சான்டீகோ பக்கத்திலே இருக்கிற ஓட்டாய் மேசா காவற்கூடம் காட்டிற்று. அங்கே ஒரு மனிதர். வயது 57. எல் சால்வடார் நாட்டிலே பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நீரிழிவுக்காரர். மருத்துவர்கள் எவருக்கு ஆபத்து என்று தலையிலடித்துக்கொண்டு சொன்னார்களோ, அவரேதான். ஏப்ரல் 15ஆம் நாள் அவருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது. ஏப்ரல் கடைசியிலே நோய் முற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஏப்ரல் 30ஆம் நாள் நீதிபதி டேனா சப்ரா, அந்தக் காவற்கூடத்திலே உள்ள நோயாளிகளை, முதியோரை விடுவிக்க வழிசெய்து ஆணையிட்டார். மே 6ஆம் நாள் அந்த மனிதர் இறந்துபோனார். குடியேற்றக் காவலிலே கொரோனாவுக்குப் பலியான முதல் கைதி.

ஏப்ரல் 15... ஏப்ரல் 30... மே 6. மூன்று தேதிகள். முதல் தேதியிலே திறக்கவேண்டிய கதவை இரண்டாவது தேதியிலே திறந்தார்கள். மூன்றாவது தேதியிலே அவர் பிணம். அந்த நேரத்துக்குள் அந்தக் காவற்கூடத்திலே நோய் தொற்றியவர்கள் நூற்றுக்கு மேல். நாற்பது ஆண்டு அந்த மண்ணிலே வாழ்ந்தவருக்கு இரண்டு வாரம் முந்தி ஒரு கதவு திறக்கவில்லை. தண்டனை அல்லவாம் அது! தண்டனை அல்லாத ஒன்றிலே ஒருவன் உயிர் போயிற்றென்றால், அதற்கு என்ன பெயர்? அகராதி தயாரிக்கிறவர்கள் சொல்லட்டும்.

இது ஒரு காவற்கூடத்தின் கதை. வேறு இரண்டு கூடங்களின் கதையையும் கேளுங்கள்.

வர்ஜீனியா மாநிலம், பார்ம்வில் நகரம். 2020 ஜூன் தொடக்கத்திலே அரிசோனாவிலிருந்தும் புளோரிடாவிலிருந்தும் 74 கைதிகளை விமானத்திலே ஏற்றி அங்கே கொண்டுவந்தார்கள். ஊரடங்கு காலத்திலே ஊர்விட்டு ஊர் போகாதே என்று மக்களுக்குக் கட்டளை. கைதிகளை மட்டும் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றுவது! வந்தவர்களைச் சோதித்தால் 51 பேருக்கு நோய். விட்டார்களா? கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களிலே பெரும்பாலோருக்குத் தொற்றிவிட்டது. ஆகஸ்டிலே 72 வயதான கனடா நாட்டுக்காரர் ஒருவர் மாண்டார். அதன் பிறகே நீதிபதி பிரிங்கெமா, இனி அங்கே புதிய கைதிகளைக் கொண்டுவரக் கூடாது என்று தடுத்தார்.

மற்றொன்று, முன்னே சொன்னோமே, நூறு நூறாகப் படுக்கவைக்கிற மேசா வெர்டே. அங்கே கைதிகளுக்குச் சோதனை செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? வசதி இல்லாமலா? கருவி கிடைக்காமலா? இல்லை. சோதித்தால் யாருக்கு நோய் என்று தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் தனியே பிரித்து வைக்கவேண்டும், பிரித்து வைக்க இடமில்லை, ஆகவே சோதிக்காதே! இப்படி முடிவு செய்தார்கள் என்பதை அதிகாரிகளும் கம்பெனியும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே வழக்கிலே வெளிப்படுத்தினார்கள். நீதிபதி வின்ஸ் சாப்ரியா கடிந்துரைத்து, வாரந்தோறும் சோதிக்க ஆகஸ்டிலே ஆணையிட்டார். அதற்குள்ளே பாதிப் பேருக்கு மேல் நோய்.

தீப்பிடித்ததா என்று பார்க்காதே, பார்த்தால் அணைக்க வேண்டியிருக்கும்! இதற்குப் பெயர் நிர்வாகம். இவர்கள்தான், எங்களை நம்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீதிமன்றம் தலையிடவேண்டாம் என்றவர்கள்.

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்து வைப்போம். எதிரி சொல்வதைச் சொல்லாமல் வெல்வது வெற்றி அல்ல.

விட்டால் ஓடிவிடுவார்கள் என்றார்கள். மூச்சு விடவே முடியாத முதியவர், வாரம் மூன்று முறை மருத்துவரிடம் போகவேண்டியவர், எங்கே ஓடுவார்? உலகமே கதவடைத்துக் கிடந்த 2020இலே எந்த ஊருக்கு ஓடுவார்? நீதிபதிகள் எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்பிவிடவும் இல்லை. எந்த வீட்டிலே தங்குவது என்று முகவரி கேட்டார்கள், வீட்டுக்காவல் விதித்தார்கள், பலருக்குக் காலிலே கண்காணிப்புக் கருவி மாட்டச் சொன்னார்கள். காவல் நின்றுவிடவில்லை; கூடத்திலிருந்து வீட்டுக்கு மாறிற்று. அவ்வளவே.

குற்றவாளிகளும் இருக்கிறார்களே என்றார்கள். இருந்தார்கள், முன்பே சொன்னோம். செய்த குற்றத்துக்கு நீதிமன்றம் எத்தனை ஆண்டு என்றதோ, அத்தனை ஆண்டையும் இருந்து தீர்த்தவர்கள். கடனை வட்டியோடு கட்டி முடித்தவனிடம் பழைய பத்திரத்தைக் காட்டி மறுபடி கேட்கிறவனை நம் ஊரிலே என்னவென்று சொல்வோம்? அதே குற்றத்தைச் செய்த உள்நாட்டுக்காரன் தண்டனை முடிந்து வீட்டுக்குப் போகிறானே, அவனால் வராத ஆபத்து, ஆஸ்துமாவிலே இழுத்துக்கொண்டிருக்கிற அயல்நாட்டானால் வருமா?

வெளியிலும் நோய் இருக்கத்தானே செய்கிறது என்றார்கள். இருந்தது. ஆனால் வெளியிலே இருப்பவன் கதவைச் சாத்திக்கொள்ளலாம்; உள்ளே இருப்பவன் சாத்த முடியாது. சாவி அவனிடம் இல்லை. வித்தியாசம் முழுவதும் அந்தச் சாவியிலே இருக்கிறது.

கடைசி வாதம்தான் கனமானது. ஆட்சி நடத்துவது அரசினர் வேலை. கைதிகளை எங்கே, எப்படி வைப்பது என்று நீதிபதி சட்டாம்பிள்ளையாக இருந்து சொல்லலாமா என்பது. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சில இதற்குச் செவிசாய்த்தன, அதையும் மறைக்கமாட்டோம். அரசாங்கத் தரப்பைக் கேட்காமலே அவசரமாக விடுவித்துவிட்டார் என்று 2020 ஆகஸ்டிலே ஜோன்சின் ஓர் உத்தரவை மேல்நீதிமன்றம் தள்ளிற்று. கொள்ளைநோயை எப்படிச் சமாளிப்பது என்பது ஆட்சித்துறையின் முடிவு என்று சொல்லி, பெர்னாலின் நாடு தழுவிய ஆணையை 2021 அக்டோபரிலே வேறொரு மேல்நீதிமன்றம் நீக்கிற்று. மூன்று நீதிபதிகளிலே இருவர் ஒரு பக்கம்; ஒருவர் மறுபக்கம்.

மதிக்கிறோம். இரு தரப்பையும் கேட்கவேண்டும் என்பது நல்ல முறை; நமக்கும் வேண்டிய முறை. நாளை நம்மீது வழக்கு வந்தால் அதைத்தான் கேட்போம். ஆனால், முறை மனிதனைக் காப்பதற்காக ஏற்பட்டது. வெள்ளத்திலே ஒருவன் மூழ்குகிறபோது கரையிலே நிற்பவன் கயிற்றை வீசுவானா, அல்லது ஆற்றின் கருத்தையும் கேட்டுக்கொண்டு வீசுவானா? ஆட்சித்துறையின் முடிவு என்கிறீர்கள். ஆட்சித்துறை முடிவெடுத்த இலட்சணத்தைத்தான் மேசா வெர்டேயிலே பார்த்தோமே! முடிவெடுக்க வேண்டியவன் கண்ணை மூடிக்கொள்ள முடிவெடுத்தால், கண்ணைத் திற என்று சொல்ல நீதிபதியைத் தவிர அந்தக் கைதிக்கு வேறு யார் இருக்கிறார்? அவனுக்கு ஓட்டு இல்லை. சங்கம் இல்லை. பலருக்கு வக்கீலும் இல்லை.

இங்கேதான் நம்மை உறுத்துகிற உண்மை ஒன்று இருக்கிறது. விடுதலை பெற்றவர்கள் யார்? மிகவும் நோயாளி என்பதால் மட்டும் பெறவில்லை. மனு போட ஆள் கிடைத்தவர்கள், நல்ல நீதிபதியின் எல்லைக்குள்ளே சிறை அமைந்தவர்கள் பெற்றார்கள். அதே நோய், அதே வயது, அதே நெருக்கடி. ஆனால் பென்சில்வேனியாவிலே இருந்தவனுக்கு வீடு, டகோமாவிலே இருந்தவனுக்குக் கூடம்! துறையினர் தாமே ஆராய்ந்து சில நூறு பேரை விட்டார்கள், அதை மறுக்கவில்லை. ஆயினும் 2020 செப்டம்பரோடு முடிந்த கணக்காண்டிலே அந்தக் காவலிலே இறந்தவர்கள் 21 பேர். அதற்கு முந்திய ஆண்டிலே 8. எல்லோரும் இந்த நோயால் இறக்கவில்லை. என்றாலும் கணக்கு கணக்குத்தான்.

பணமில்லையா, ஆளைக் குறைத்தால் நட்டமா? அதுவுமில்லை. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2021 பிப்ரவரியிலே வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இத்தனை படுக்கைக்குப் பணம் தருகிறோம் என்று ஒப்பந்தம். அதன்படி 2020 மே மாதத்திலே, நாளொன்றுக்குச் சராசரி 12,000க்கு மேற்பட்ட காலிப் படுக்கைகளுக்காக, அந்த ஒரு மாதத்திலே மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்! காலிப் படுக்கைக்குக் கோடி. அதே தொழிலிலே துடைப்பம் பிடித்த கைதிக்கு 1 டாலர். படுக்கைக்கு இருக்கிற மதிப்பு, படுத்திருப்பவனுக்கு இல்லை.

இதையெல்லாம் நாம் ஏன் எழுதுகிறோம்? கடல் கடந்த நாட்டின் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அடைபட்டவர்கள் எந்த வகுப்பார் என்று பாருங்கள், ஏன் என்று தெரியும். திராட்சை பறித்தவர்கள், ஓட்டல் தரை துடைத்தவர்கள், இறைச்சி வெட்டியவர்கள், கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்கள். அதே 2020இலே அதே அரசாங்கம், வயல் வேலையும் இறைச்சிக்கூட வேலையும் நாட்டுக்கு இன்றியமையாத வேலை, நிறுத்தக் கூடாது என்று சொல்லிற்று. உரிமைச்சீட்டு இல்லாத தொழிலாளிகூட, இவன் இன்றியமையாதவன் என்று முதலாளி எழுதிக்கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு வயலுக்குப் போனான். காலையிலே வயலில் நிற்கும்போது இன்றியமையாதவன். மாலையிலே வழியிலே பிடிபட்டால் அயலான், சட்ட விரோதி, ஆபத்தானவன்! கைக்கு வேலை கொடுத்தார்கள். அந்தக் கைக்குரிய உயிருக்கு விலை கொடுக்கவில்லை. உழைப்பவன் எந்த நாட்டிலே இருந்தாலும் இந்த வேடிக்கையை அறிவான்.

கொள்ளைநோய் அடங்கிற்று. பாடம் படித்தார்களா? 2025 ஜூலையிலே காவற்கூடங்களுக்காக மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். 2025 ஆகஸ்டிலே காவலில் இருந்தோர் தொகை 60,000ஐத் தாண்டிற்று. 2020 மார்ச்சிலே இருந்ததைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கூடம் பெருகிற்று, கூட்டம் பெருகிற்று, நோயாளியைக் காக்கிற சட்டம் மட்டும் பெருகவில்லை. அடுத்த கொள்ளைநோய் தேதி குறித்துத் தந்தியடித்துவிட்டா வரும்?

ஆகவே நாம் சொல்வது இது. நல்ல நீதிபதி கிடைத்தால் உயிர், கிடைக்காவிட்டால் சாவு என்கிற இலாட்டரி கூடாது. காவலிலே எடுக்கும் அன்றே, கம்பெனிச் சம்பளம் வாங்காத மருத்துவர் ஒருவர் ஒவ்வொருவரையும் சோதித்து, நோயாளி யார், முதியவர் யார் என்று பட்டியல் எழுதவேண்டும். தொற்றுநோய் அறிவிக்கப்பட்ட உடனே அந்தப் பட்டியலிலே உள்ளவர்கள், தக்க நிபந்தனையோடு வீடு திரும்பவேண்டும்; ஒருவரை நிறுத்தி வைக்கவேண்டும் என்றால், ஏன் என்று காரணம் காட்டவேண்டியவன் பூட்டியவன். விட்டுவிடுங்கள் என்று கெஞ்சவேண்டியவன் பூட்டப்பட்டவன் அல்ல. நாட்டிலே தங்கலாமா கூடாதா என்ற வழக்கு அதன்பாட்டுக்கு நடக்கட்டும், சட்டப்படி முடியட்டும். அந்த வழக்கு முடிகிற நாளிலே தீர்ப்பைக் கேட்க அவன் உயிரோடு இருக்கவேண்டும்.

மிகப் பெரிய கோரிக்கையா இது? புரட்சியா? பொதுவுடைமையா? இல்லை தோழர்களே. 1871ஆம் ஆண்டிலே பவுண்டுக்காரனிடம் சட்டம் எதிர்பார்த்தது எதுவோ, அதைத்தான் உலகத்திலேயே பணக்கார நாட்டிடம் கேட்கிறோம். மாட்டை அடைத்தவனுக்கு ஒரு கடமை உண்டென்றால், மனிதனை அடைத்தவனுக்கு அதைவிடக் கூடுதலாக இல்லாவிட்டாலும், அந்த அளவாவது உண்டு.

சாவி யார் இடுப்பிலே தொங்குகிறதோ, உள்ளே இருப்பவன் உயிரும் அவன் கணக்கிலேதான் நிற்கிறது.